தறியில் இருந்து வந்த வைத்தியம்: பெருந்தமனி வீக்கத்தின் கதை

"ரஜினி சாருக்கு வெச்சாங்களே, அந்த ஸ்டென்ட்டையே எனக்கும் வெச்சு உட்ருங்க தம்பி. நெஞ்சைப் பொளக்கறதெல்லாம் வேண்டாம்."

சில மாதங்களுக்கு முன்னால் என் எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர் சொன்னது இது.

எங்க ஊர் கொண்டப்பநாயக்கன்பட்டிக்காரர். சேலத்தில் இருந்து ஏற்காடு போகும் வழியில், மலையடிவாரத்தில் இருக்கும் ஊர். நாற்பது வருசம் அம்மாபேட்டைப் பக்கம் தறி ஓட்டியவர். இருமல் நிக்கலைன்னு வந்தார். டிபியா இருக்குமோன்னு எக்ஸ்ரே எடுத்தோம். நுரையீரல் சுத்தம். ஆனால் நெஞ்சின் நடுப்பகுதி நிழல் இயல்பைவிட அகலமாகத் தெரிந்தது. எக்கோ, அப்புறம் சிடி ஸ்கேன்.

இதயத்தில் இருந்து கிளம்பும் பெருந்தமனி 5.8 செ.மீ. அகலத்துக்கு வீங்கியிருந்தது. இயல்பாக அந்த இடத்தில் சுமார் 3 செ.மீ. தான் இருக்கும்.

வலி இல்லை, மூச்சு வாங்கவில்லை. "எனக்கு ஒண்ணுமே பண்ணலையே தம்பி" என்றார். இந்த நோயின் பிரச்சனையே அதுதான்.

அவர் கேட்ட கேள்வி நியாயமான கேள்வி. ஸ்டென்ட் இருக்கும்போது எதுக்கு நெஞ்சைத் திறக்கணும்? இதற்குப் பதில் சொல்ல எனக்கு அரை மணி நேரம் ஆனது. அந்தப் பதிலுக்குள் பல நூறு வருசக் கதை ஒன்று இருக்கிறது. அதை உங்களுக்கும் சொல்கிறேன். நீளமான பதிவு, பொறுமையாகப் படிங்க.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் எம்.பி.பி.எஸ். படித்த அரசு மருத்துவன். இதய அறுவை நிபுணர் இல்லை. இந்த ஆபரேஷனைச் செய்பவன் நான் கிடையாது. ஆனால் இந்த நோயாளி முதலில் வந்து நிற்பது என்னைப் போன்றவர்களிடம்தான்.

சரி.. பெருந்தமனி என்றால் என்ன?

வளைந்த கைப்பிடி உள்ள குடையைக் கம்பியில் மாட்டித் தொங்கவிட்டால் எப்படி இருக்கும்? அதுதான் பெருந்தமனியின் வடிவம். இதயத்தில் இருந்து மேலே ஏறும் சின்னப் பகுதி ஏறு தமனி. கைப்பிடியின் வளைவு தமனி வளைவு. மூளைக்கும் கைகளுக்கும் போகும் குழாய்கள் அங்கே இருந்துதான் பிரிகின்றன. அப்புறம் முதுகெலும்பை ஒட்டி நீளமாகக் கீழே இறங்குவது இறங்கு தமனி.

இந்தப் படத்தை மனசுல வெச்சுக்கோங்க. ஸ்டென்ட்டா, ஆபரேஷனா என்ற கேள்விக்குப் பாதிப் பதில் இந்தக் குடைக்குள் இருக்கிறது.

இந்தக் குழாயின் சுவர் பலவீனமானால், உள்ளே ஓடும் ரத்தத்தின் அழுத்தத்தில் அது உப்ப ஆரம்பிக்கும். இதுதான் அனியூரிசம். பலூன் ஊதிப் பாத்திருப்பீங்க. பெருசாக ஆக அதன் ரப்பர் மெலிசாகும். குழாய் எவ்வளவு அகலமாகிறதோ, அதன் சுவர் தாங்க வேண்டிய இழுவிசையும் அவ்வளவு கூடும். ஒரு கட்டத்தில் சுவரின் உள்அடுக்கு கிழிந்து ரத்தம் அடுக்குகளுக்கு நடுவே புகும். இதை டிசெக்‌ஷன் என்கிறோம். இல்லையென்றால் மொத்தமாக வெடிக்கும்.

இங்கிலாந்தின் இரண்டாம் ஜார்ஜ் மன்னர் 1760 அக்டோபர் 25 காலையில் திடீரென்று விழுந்து இறந்தார். உடலைத் திறந்து பார்த்த அரண்மனை மருத்துவர் ஃபிராங்க் நிக்கோல்ஸ், இதயத்தைச் சுற்றியுள்ள பை முழுக்க ரத்தமும், பெருந்தமனியின் உள்சுவரில் ஒரு கிழிசலும் இருந்ததாக எழுதி வைத்தார். ராஜாவாக இருந்தாலும் அன்றைக்கு யாராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது.

ஆனால் மருத்துவர்கள் சும்மா இருக்கவில்லை. இந்த வீக்கத்துக்கு மனிதன் கண்டுபிடித்த வழிகளைக் கூட்டிப் பார்த்தால் ஐந்துதான்.

அழுத்தத்தைக் குறை. உள்ளே அடை. வெளியே சுத்து. வெட்டி மாத்து. உள்ளே சொருகு.

முதல் வழி, அழுத்தத்தைக் குறைப்பது.

18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலியில் வால்சால்வா என்ற மருத்துவர் என்ன செய்தார் தெரியுமா? நோயாளியைப் படுக்கையில் போட்டு, திரும்பத் திரும்ப ரத்தத்தை வெளியேற்றி, சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே போவார். நோயாளியால் கையைத் தூக்கக்கூட முடியாத நிலை வரும்வரை. உடம்பில் ரத்தம் குறைந்தால் குழாயின் மேல் மோதும் வேகமும் குறையும் என்பது கணக்கு. 19-ஆம் நூற்றாண்டில் அயர்லாந்தின் டஃப்னெல் ரத்தம் எடுப்பதை விட்டுவிட்டு, மாசக்கணக்கில் படுக்கை, அளவான சாப்பாடு, அளவான தண்ணீர் என்று வைத்தார்.

கேட்க கொடூரமாக இருக்கும். ஆனால் அவர்களின் கணக்கில் தப்பு இல்லை, கையில் இருந்த கருவிதான் தப்பு. 1965-ல் அமெரிக்காவில் மைரன் வீட் என்ற மருத்துவர், கிழிந்த தமனிக்கு ரத்த அழுத்தத்தையும் இதயம் தள்ளும் வேகத்தையும் மாத்திரை மருந்துகளால் குறைத்தே பலரைக் காப்பாற்றலாம் என்று காட்டினார். வால்சால்வா பட்டினி போட்டுச் செய்ய நினைத்ததை இன்று காலையில் ஒரு பிபி மாத்திரை செய்கிறது. இந்த முதல் வழியை மறந்துடாதீங்க. கடைசியில் திரும்ப வருவேன்.

இரண்டாம் வழி, உள்ளே அடைப்பது.

1864-ல் லண்டனில் சார்லஸ் மூர் என்ற அறுவை மருத்துவர், நெஞ்சில் துடித்துக்கொண்டிருந்த ஒரு வீக்கத்துக்குள் சுமார் 24 மீட்டர் மெல்லிய இரும்புக் கம்பியைச் சொருகினார். கம்பியைச் சுத்தி ரத்தம் உறைந்து வீக்கம் கெட்டியாகிவிடும் என்று நம்பினார். உறையவும் செய்தது. ஆனால் சில நாட்களில் நோயாளி இறந்துபோனார். அதற்குப் பிறகும் கம்பிக்குள் மின்சாரம் விட்டெல்லாம் பார்த்தார்கள்.

அந்தக் காலத்தில் நெஞ்சுக்குள் வரும் வீக்கங்களுக்குப் பெரிய காரணம் சிஃபிலிஸ் என்ற பால்வினை நோய். 1943-ல் பெனிசிலின் அதைக் குணப்படுத்தும் என்று தெரிந்த பிறகு அந்த வகை வீக்கம் படிப்படியாக அரிதானது. இன்றைக்கு நாம் பார்ப்பது பெரும்பாலும் ரத்தக் கொதிப்பு, புகை, வயது, பிறவியிலேயே இரண்டு இதழ் உள்ள இதய வால்வு, மார்ஃபன் போன்ற பரம்பரைக் குறைபாடுகள். நம் நாட்டில் இளம் பெண்களுக்கு டகயாசு என்ற தமனி அழற்சியாலும் வரும்.

மூன்றாம் வழி, வெளியே சுத்துவது.

இதில் உலகத்துக்கே தெரிந்த நோயாளி ஐன்ஸ்டீன். அவருக்கு வீக்கம் இருந்தது வயிற்றுப் பகுதியில். 1948-ல் ருடால்ஃப் நிசன் என்ற அறுவை நிபுணர் வயிற்றைத் திறந்து, வீங்கிய தமனியைச் செலோஃபேன் தாளால் சுற்றினார். ஆமாங்க, பரிசுப் பொருள்களுக்குச் சுத்துவோமே, அதே வகைத் தாள். அது உறுத்துவதால் சுற்றிலும் தழும்பு உண்டாகி, தமனிக்கு ஒரு உறை மாதிரி நிற்கும் என்பது யோசனை. ஆறு வருசத்துக்கு மேல் அவரைத் தாங்கியது. 1955 ஏப்ரலில் வீக்கம் வெடித்தது. அதற்குள் புதிய ஆபரேஷன் வந்திருந்தது. அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஏப்ரல் 18 அன்று 76 வயதில் இறந்தார்.

அந்தப் புதிய ஆபரேஷன்தான் நான்காம் வழி. வெட்டி மாத்துவது.

இங்கே வரும்போதுதான் நம்ம பெரியவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். ஏன்னா இந்தக் கதை அவர் தொழில் சம்பந்தப்பட்டது.

கெட்டுப்போன குழாயை வெட்டி எடுத்தால், அந்த இடத்தில் எதை வைப்பது? 1951-ல் பாரிஸில் சார்ல் டூபோஸ்ட் வயிற்றுத் தமனி வீக்கத்தை வெட்டி எடுத்துவிட்டு, இறந்தவரிடம் இருந்து எடுத்த தமனியை வைத்துத் தைத்தார். 1953 தொடக்கத்தில் அமெரிக்காவின் ஹூஸ்டனில் மைக்கேல் டிபேக்கியும் டென்டன் கூலியும் நெஞ்சின் இறங்கு தமனி வீக்கத்துக்கு இதையே செய்தார்கள். ஆனால் தேவைப்படும் நேரத்தில், தேவைப்படும் அளவில், இறந்தவரின் தமனிக்கு எங்கே போவது? நாளடைவில் அதுவும் கெட்டுப்போனது.

விடை ஒரு பட்டுநூலில் இருந்து கிடைத்தது.

1947-ல் நியூயார்க்கில் ஆர்தர் வூர்ஹீஸ் என்ற இளம் மருத்துவர், நாய் ஒன்றின் இதயத்துக்குள் தவறுதலாகப் போன ஒரு பட்டுத் தையல் நூலைச் சில மாதம் கழித்துப் பார்த்தார். நூல் மேல் பளபளவென்று மெல்லிய சவ்வு படர்ந்திருந்தது. உடம்பு அதைத் தன் சொந்தச் சுவர் போல மூடியிருந்தது. ஒரு நூலை இப்படி மூடுமென்றால், துணியை மூடாதா? பட்டுக் கைக்குட்டையைக் குழாயாகத் தைத்து நாயின் தமனியில் வைத்துப் பார்த்தார். அப்புறம் செயற்கை இழைத் துணிக்கு மாறினார். 1952-ல் அதை வெளியிட்டார்.

"பட்டா தம்பி?" என்றார் பெரியவர். ஆமாங்க ஐயா, பட்டுதான்.

அடுத்து டிபேக்கி. லெபனானில் இருந்து குடியேறிய குடும்பம். சின்ன வயசில் அவர் அம்மா அவருக்குத் தையல் சொல்லிக் கொடுத்திருந்தார். செயற்கைத் தமனி செய்ய நைலான் துணி வாங்கலாம் என்று ஹூஸ்டனில் ஒரு பெரிய ஜவுளிக் கடைக்குப் போனார். நைலான் தீர்ந்துவிட்டது. "டாக்ரான்னு புதுசா ஒண்ணு வந்திருக்கு, வேணுமா?" என்றார்கள். ஒரு கஜம் வாங்கிக்கொண்டு வந்து, மனைவியின் தையல் மிஷினில் தானே உட்கார்ந்து குழாயாகத் தைத்தார். 1954-ல் அதை மனிதருக்கு வைத்தார். தையல் இல்லாமல் குழாயாகவே பின்னி எடுக்கும் எந்திரத்தை உருவாக்க ஃபிலடெல்ஃபியாவில் ஒரு ஜவுளிக் கல்லூரிப் பேராசிரியர் உதவினார்.

டாக்ரான் என்பது என்ன? பாலியஸ்டர். நம்ம பெரியவர் வருசக்கணக்காகத் தறியில் ஓட்டிய அதே இனத்து இழை.

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். அப்புறம் ஒரு கேள்வி கேட்டார் பாருங்க.. எனக்கு எந்த மருத்துவ மாணவரும் கேட்டதில்லை.

"ஏந்தம்பி, துணின்னா பாவுக்கும் ஊடைக்கும் நடுவுல சந்து இருக்குமே. ரத்தம் கசியாதா?"

கசிந்ததுங்க. அன்றைய மருத்துவர்களை ரொம்பப் படுத்திய பிரச்சனை அதுதான். அதனால் ஆபரேஷனுக்கு நடுவே நோயாளியின் ரத்தத்தையே கொஞ்சம் எடுத்து, துணிக்குழாயை அதில் நனைத்து ஊற விடுவார்கள். ரத்தம் உறைந்து சந்தெல்லாம் அடையும். அதற்குப் பிறகுதான் தைப்பார்கள். இன்றைக்கு அது தேவையில்லை. தொழிற்சாலையிலேயே ஜெலட்டினோ கொலாஜனோ பூசி, சந்தை அடைத்துத்தான் வருகிறது.

"கஞ்சி போடற மாதிரி" என்றார். அதேதான்.

துணி கிடைத்துவிட்டது. ஆனால் ஏறு தமனியை மாற்ற இதயத்தையே நிறுத்தணும். இதயமும் நுரையீரலும் செய்யும் வேலையை வெளியே நின்று செய்யும் எந்திரத்தை ஜான் கிப்பன் 1953 மே மாதம் ஒரு நோயாளிக்கு வெற்றிகரமாகப் பயன்படுத்தினார். 1956-ல் கூலியும் டிபேக்கியும் அந்த எந்திரத்தின் துணையோடு ஏறு தமனியை மாற்றினார்கள். 1968-ல் லண்டனில் ஹியூ பென்டாலும் அந்தோணி டி போனோவும், தமனியோடு இதய வால்வும் சேர்ந்து கெட்டிருந்த நோயாளிக்கு, வால்வு தைத்த துணிக்குழாயை ஒரே துண்டாக வைத்தார்கள். இன்றும் நம் ஊர் அறுவை அரங்குகளில் "பென்டால் கேஸ்" என்றால் அதுதான். 1990-க்குப் பிறகு இந்தியாவிலேயே செயற்கை வால்வும் வந்துவிட்டது. திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா நிறுவனத்தில் வலியத்தான் குழு உருவாக்கிய சித்ரா வால்வு அந்த ஆண்டு டிசம்பரில் முதல் நோயாளிக்கு வைக்கப்பட்டது.

தமனி வளைவை மாற்றுவது இதைவிடக் கஷ்டம். மூளைக்குப் போகும் ரத்தத்தையே கொஞ்ச நேரம் நிறுத்தணும். 1975-ல் ராண்டல் கிரீப், நோயாளியின் உடம்பை 18 டிகிரிக்கும் கீழே குளிர வைத்து, ரத்த ஓட்டத்தை நிறுத்தி, அந்த நேரத்துக்குள் வளைவை மாற்றலாம் என்று காட்டினார். குளிர்ந்த மூளைக்கு ஆக்சிஜன் தேவை குறைவு. 1983-ல் ஜெர்மனியின் ஹன்ஸ் போர்ஸ்ட், வளைவை மாற்றும்போதே துணிக்குழாயின் ஒரு நீளத்தை இறங்கு தமனிக்குள் தொங்க விட்டார், அடுத்த ஆபரேஷனில் அங்கே இருந்து தொடரலாம் என்று. அதன் பெயரே "யானைத் துதிக்கை" ஆபரேஷன்.

இனி ஐந்தாம் வழி. உள்ளே சொருகுவது. அதாவது ஸ்டென்ட்.

1987-ல் உக்ரைனின் கார்கிவ் நகரில் நிக்கோலாய் வோலோடோஸ், தொடைத் தமனி வழியாகத் துணி மூடிய உலோகச் சுருளைக் கொண்டுபோய், நெஞ்சுத் தமனியின் வீக்கத்தை உள்ளே இருந்து மூடினார். அவர் எழுதியது ரஷ்ய மொழியில். மேற்கத்திய நாடுகளுக்கு ரொம்ப நாள் தெரியவே இல்லை. 1990-ல் அர்ஜென்டினாவின் ஹுவான் பரோடி வயிற்றுத் தமனிக்கு இதைச் செய்தார். 1992-ல் இருந்து ஸ்டான்ஃபோர்டில் மைக்கேல் டேக் குழு நெஞ்சுத் தமனிக்குச் செய்து, 13 நோயாளிகளின் விவரத்தை 1994-ல் வெளியிட்டது.

நம் ஊரில் எல்லோருக்கும் இது தெரியவந்தது 2024 செப்டம்பர் 30-க்குப் பிறகு. நடிகர் ரஜினிகாந்த் சென்னை அப்போலோ மருத்துவமனையில் சேர்ந்தார். இதயத்தில் இருந்து வெளியேறும் முக்கிய ரத்தக்குழாயில் வீக்கம் இருந்ததாகவும், அறுவை இல்லாமல் குழாய் வழியாக மருத்துவர் சாய் சதீஷ் ஸ்டென்ட் வைத்து வீக்கத்தை முழுமையாக அடைத்ததாகவும் மருத்துவமனை அறிக்கை சொன்னது. சில நாளில் வீடு திரும்பினார். அப்புறம் எங்க ஓபியில் யார் வந்தாலும் "ரஜினி ஸ்டென்ட்" தான்.

இது மாரடைப்புக்கு வைக்கும் ஸ்டென்ட் இல்லைங்க. அது 3 மி.மீ. அகலம், வெறும் உலோக வலை. இது 3 செ.மீ. அகலம், மேலே துணி அல்லது துணி போன்ற சவ்வு போர்த்தியது. டிபேக்கியின் தையல் மிஷினோடு இதற்கும் உறவு உண்டு.

சரி.. அப்போ ஸ்டென்ட் நல்லதா? ஆபரேஷன் நல்லதா?

இறங்கு தமனி வீக்கத்துக்கு அமெரிக்காவில் நடந்த ஒரு முக்கியமான ஒப்பீடு இருக்கிறது. ஸ்டென்ட் வைத்தவர்கள் 140 பேர், நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்தவர்கள் 94 பேர். சிகிச்சையை ஒட்டிய நாட்களில் இறந்தவர்கள் ஸ்டென்ட்டில் 2.1 சதவீதம், ஆபரேஷனில் 11.7 சதவீதம். முதுகுத்தண்டுக்கு ரத்தம் குறைந்து கால்கள் பலவீனமானவர்கள் 3 சதவீதம், 14 சதவீதம். தெளிவாக ஸ்டென்ட் பக்கம்.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. ஐந்து வருசம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் எவ்வளவு? ஸ்டென்ட்டில் 68 சதவீதம். ஆபரேஷனில் 67 சதவீதம்.

திரும்பப் படிங்க. ஐந்து வருசத்தில் இரண்டும் ஒன்றாகிவிட்டது.

ஏன்? தமனி வீக்கம் வந்தவருக்குக் கெட்டிருப்பது அந்த ஒரு இடம் மட்டும் இல்லை. அதே கொதிப்பு, அதே புகை, இதயத்தையும் மூளையையும் நுரையீரலையும் சேர்த்துத்தான் அரித்திருக்கும். ஸ்டென்ட்டோ துணியோ, வெடிக்க இருந்த ஒரு இடத்தைக் காப்பாற்றுகிறது. மிச்ச உடம்பைக் காப்பாற்றுவது அந்த முதல் வழிதான்.

இன்னொன்று. ஸ்டென்ட் வைத்தவர் வாழ்நாள் முழுக்கக் குறிப்பிட்ட இடைவெளியில் ஸ்கேன் எடுத்துப் பார்க்கணும். ஸ்டென்ட்டைச் சுற்றி ரத்தம் கசிந்து வீக்கம் மறுபடி வளரலாம், அது நகரலாம், இன்னொரு முறை சரிசெய்ய வேண்டி வரலாம். ஆபரேஷனில் தைத்த துணி பல பத்தாண்டுகள் உழைக்கும். அதனால் இளவயதினருக்கும், மார்ஃபன் போன்ற பரம்பரைக் குறைபாடு உள்ளவர்களுக்கும் பெரும்பாலும் ஆபரேஷனைத்தான் முதலில் யோசிப்பார்கள். வயதானவர், நுரையீரல் பலவீனமானவர், இறங்கு தமனியில் வீக்கம் உள்ளவர் என்றால் ஸ்டென்ட் முதலில் வரும்.

இப்போ நம்ம குடைக்கு வாங்க.

பெரியவரின் வீக்கம் ஏறு தமனியில். அதாவது கைப்பிடியின் குட்டையான பகுதி. ஸ்டென்ட் நிற்க வேண்டும் என்றால் வீக்கத்துக்கு மேலேயும் கீழேயும் நல்ல சுவர் கொஞ்சம் வேண்டும். இங்கே ஒரு பக்கம் இதய வால்வும், இதயத்துக்கே ரத்தம் தரும் குழாய்களின் வாயும் இருக்கு. மறுபக்கம் மூளைக்குப் போகும் குழாய்கள். துணி போர்த்திய ஸ்டென்ட்டை அங்கே வைத்தால் எதையாவது மூடிவிடும். அதனால் இன்றைய தேதியில் ஏறு தமனி வீக்கத்துக்கு வழக்கமான சிகிச்சை நெஞ்சைத் திறந்து செய்யும் ஆபரேஷன்தான். பணக்காரருக்கு ஸ்டென்ட், ஏழைக்குக் கத்தி என்பதெல்லாம் இல்லைங்க. அமெரிக்காவில் இருந்தாலும் அவருக்கு இதுதான்.

"சரி தம்பி, அப்படியே உட்டுட்டா என்னாகும்?"

எல்லா வீக்கத்துக்கும் உடனே கத்தி கிடையாது. 1997-ல் யேல் பல்கலைக்கழகத்தில் எலிஃப்டீரியாடிஸ் குழு நோயாளிகளின் அளவுகளைத் தொடர்ந்து பார்த்து, ஏறு தமனி 6 செ.மீ. தொடும்போதும், இறங்கு தமனி 7 செ.மீ. தொடும்போதும் ஆபத்து திடீரென்று எகிறுவதைக் காட்டியது. அந்த எல்லைக்கு முன்பே மாற்றிவிட வேண்டும். அதனால் பொதுவாக 5.5 செ.மீ. என்று வைத்திருக்கிறார்கள். அனுபவமுள்ள மையங்களில் 5 செ.மீ. இல் இருந்தே யோசிக்கலாம் என்று 2022-ல் வந்த அமெரிக்க வழிகாட்டுதல் சொல்கிறது. ஒரே வருசத்தில் அரை செ.மீ. வளர்ந்தாலும் யோசிக்கணும். அதைவிடச் சின்னதாக இருந்தால் மாத்திரை, ஸ்கேன், காத்திருப்பு.

இவருக்கு 5.8. காத்திருக்கும் காலம் முடிந்துவிட்டது.

வெடித்த பிறகு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை.

படிப்பு முடித்த புதிதில் ஒரு இரவுப் பணி. நாற்பது வயதுக்காரர் ஒருவர். "முதுகை யாரோ கிழிக்கற மாதிரி இருக்கு சார்" என்றார். இசிஜி பெரிதாக ஒன்றும் காட்டவில்லை. ஒரு கையில் மட்டும் பிபி பார்த்தேன். கேஸ் தொந்தரவு என்று நினைத்து ஊசி போட்டேன். வலி கொஞ்சம் குறைந்தது போல இருந்தது. விடிவதற்குள் இறந்துபோனார். டிசெக்‌ஷன் என்று பின்னால்தான் புரிந்தது. கிழிப்பது போன்ற வலி என்று அவர் எனக்குச் சரியாகத்தான் சொல்லியிருந்தார். நான்தான் கேட்கவில்லை. இரண்டு கையிலும் பிபி பார்த்திருந்தால் ஒருவேளை சந்தேகம் வந்திருக்கும். அன்று முதல் நெஞ்சுவலி என்று யார் வந்தாலும் இரண்டு கையிலும் பார்க்கிறேன்.

ஏறு தமனி கிழிந்துவிட்டால், முதல் இரண்டு நாள் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் நூற்றில் ஒருவர் இருவர் என்று இறக்கிறார்கள் என்பது மருத்துவப் புத்தகங்கள் சொல்லும் கணக்கு. திட்டமிட்டுச் செய்யும் ஆபரேஷனுக்கும், கிழிந்த பிறகு நள்ளிரவில் செய்வதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

பெரியவரிடம் கடைசியாக ஒரு கதை சொன்னேன். அதை உங்களுக்கும் சொல்கிறேன்.

2005 டிசம்பர் 31. ஹூஸ்டனில் 97 வயது முதியவர் ஒருவருக்கு வீட்டில் திடீரென்று நெஞ்சில் கடும் வலி. அது என்னவென்று அவருக்கே தெரிந்தது. ஏறு தமனி கிழிந்திருக்கிறது. அவர் பெயர் மைக்கேல் டிபேக்கி. டிசெக்‌ஷனை வகைப்படுத்தும் முறையே அவர் பெயரில்தான் இருக்கிறது. ஆனால் ஆபரேஷன் வேண்டாம் என்றார். வாரங்கள் ஓடின, வீக்கம் வளர்ந்தது, நினைவு தப்பியது. செய்யலாமா கூடாதா என்று மருத்துவமனையே திணறியது. மனைவி விடவில்லை. 2006 பிப்ரவரியில் அவரிடம் பழகிய மருத்துவர்களே அவர் நெஞ்சைத் திறந்து, அவர் கண்டுபிடித்த துணிக்குழாயை அவருக்கே வைத்தார்கள். பல மாதம் மருத்துவமனையில் கிடந்து எழுந்தார். வேலைக்குத் திரும்பினார். 2008 ஜூலையில் 99 வயதில்தான் இறந்தார். செய்தது நல்லதுதான் என்று பிற்பாடு அவரே சொன்னார்.

"கண்டுபுடிச்சவருக்கே பயமா?" என்றார் பெரியவர்.

ஆமாங்க ஐயா. பயப்படறது தப்பே இல்லை. பயந்துக்கிட்டே போயிட்டு வாங்க.

அன்று பதில் சொல்லாமல் எழுந்து போய்விட்டார். இரண்டு வாரம் ஆளைக் காணோம். நான் தினமும் நினைத்துக்கொண்டேன். அப்புறம் ஒரு நாள் மகன் தோளைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். "எழுதிக் குடுங்க தம்பி, போறோம்."

முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. உயர் சிகிச்சை உள்ள அரசு மருத்துவமனையில் ஆபரேஷன் நடந்தது. வீட்டில் இருந்து ஆட்டோவுக்கும் சாப்பாட்டுக்கும் ஆன செலவுதான் அவர்களுடையது.

மூன்று மாதம் கழித்து ஓபிக்கு வந்தார். சட்டைப் பட்டனைக் கழற்றித் தழும்பைக் காட்டினார். "உள்ள இருக்கறது நல்ல நெசவுதானே தம்பி?" என்றார். பீடியை விட்டுவிட்டார். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே பிபி மாத்திரை கொண்டுவந்து தருகிறார்களாம். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம் அது.

இருமல் மட்டும் வராமல் இருந்திருந்தால், அந்த எக்ஸ்ரே எடுத்திருக்கவே மாட்டோம். அந்த எண்ணம் எனக்கு இன்னும் போகவில்லை.

அதனால் உங்களிடம் சில வார்த்தை.

உங்க வீட்டில் யாருக்காவது தமனி வீக்கமோ டிசெக்‌ஷனோ இருந்திருந்தால், இளவயதில் திடீரென்று இறந்திருந்தால், நீங்களும் கூடப்பிறந்தவர்களும் பிள்ளைகளும் ஒரு முறை எக்கோ எடுத்துப் பாருங்க. இது குடும்பத்தில் ஓடும்.

வீக்கம் இருக்கிறது என்று தெரிந்தவர்கள் மெடிக்கல் ஷாப்பில் தானாகச் சிப்ரோஃபிளாக்சசின், லீவோஃபிளாக்சசின் வாங்கிப் போடாதீங்க. அந்த வகை ஆன்டிபயாட்டிக் தமனி கிழியும் ஆபத்தைக் கூட்டலாம் என்று 2018 டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்திருக்கிறது. மருத்துவரிடம் உங்க வீக்கத்தைச் சொல்லிவிட்டு மருந்து கேளுங்க.

கிழிப்பது போல நெஞ்சிலோ முதுகிலோ திடீரென்று வலி வந்தால், கேஸ் என்று சோடா குடித்துக்கொண்டு உட்காராதீங்க. 108.

முப்பது வயதைத் தாண்டிய எல்லோரும் வருசத்துக்கு ஒரு முறையாவது பிபி பாருங்க. எந்த அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இலவசம். மாத்திரை கொடுத்திருந்தால், "இப்போ நல்லாருக்கேன்" என்று நிறுத்தாதீங்க. நல்லா இருப்பதே அந்த மாத்திரையால்தான்.

கம்பி, தாள், துணி, ஸ்டென்ட் எல்லாம் வந்துவிட்டது. ஆனாலும் ஐந்து வழியில் எந்த வழிக்குப் போனாலும் கூடவே வேண்டியது அந்த முதல் வழிதான். வால்சால்வாவின் நோயாளிகள் அதற்காகப் பட்டினி கிடந்தார்கள். உங்களுக்கு அது வாசலுக்கே வருகிறது. வாங்கிப் போடுங்க.



அரசு மருத்துவர்
கொண்டப்பநாயக்கன்பட்டி, சேலம்